இரங்கூன் கிளையும் மொகல் தெருக் கோயிலும்

மத்திய வங்கியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் தலைமையகத்தைப் பற்றியே எழுதுவர். ஆளுநராக இருந்தோர் யாவர், வட்டி விகிதம் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, அரசுக்கும் வங்கிக்கும் பிணக்கு நேர்ந்தது எதனால் என்பனவே அவ்வரலாறுகளில் நிரம்பக் காணப்படும். ஆயினும் நாட்டு மக்கள் மத்திய வங்கியைக் கண்ணால் காண்பது தலைமையகத்தில் அன்று. தத்தம் வட்டாரத்துக் கிளையிலேதான். கிழிந்த நோட்டை மாற்ற வருபவரும், அரசுக்குரிய தொகையைச் செலுத்த வருபவரும், அறுவடைக் காலத்தில் பணம் பெயர்க்க வரும் வங்கியாளரும் மிதிப்பது கிளையின் வாயிற்படியையே. அவ்வட்டாரம் அக்கிளையால் எதைப் பெற்றது, எதைப் பெறாது போயிற்று என்று கேட்கத் தொடங்கினால், தலைமையகத்து வரலாற்றில் இல்லாத செய்திகள் பல வெளிப்படக் காணலாம்.

நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது இந்திய ரிசர்வ் வங்கியின் இரங்கூன் கிளை. இன்று யாங்கோன் என வழங்கும் அந்நகரம் அயல்நாட்டுக்குரியது. ஆனால் 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் ரிசர்வ் வங்கி தன் தொழிலைத் தொடங்கியபோது பர்மா இந்தியாவின் மாகாணங்களுள் ஒன்று. கல்கத்தா, பம்பாய், தில்லி, சென்னை ஆகியவற்றோடு ஐந்தாவதாக எண்ணப்பட்ட கிளை இரங்கூனில் அமைந்தது. வங்கியின் மூலதனம் 5 கோடி ரூபாய். அது 100 ரூபாய்ப் பங்குகளாகப் பகுக்கப்பட்டது. கல்கத்தா வட்டாரத்துக்கு 145 இலட்சம், பம்பாய்க்கு 140 இலட்சம், தில்லிக்கு 115 இலட்சம், சென்னைக்கு 70 இலட்சம், இரங்கூனுக்கு 30 இலட்சம் என்று பங்குகள் ஒதுக்கப்பட்டன. பங்குதாரர்கள் தேர்ந்தெடுத்து மத்தியக் குழுவுக்கு அனுப்பும் இயக்குநர் எண்மருள் ஒருவர் இரங்கூனின் சார்பில் அமர்ந்தார். வட்டாரத்துக்கென ஓர் ஆலோசனைக் குழுவும் இருந்தது. இந்த 30 இலட்சம் என்னும் எண்ணை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்வாராக. பின்னர் வேறோர் எண்ணோடு இதனை ஒப்பிட வேண்டியிருக்கும்.

பர்மாவில் நோட்டு புதிதாக வந்ததன்று. 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் நோட்டு வெளியிடும் உரிமையை அரசுக்கே உரியதாக்கியது. அப்போது நாடு முழுவதற்கும் ஒரே நோட்டு என்னும் நிலை இல்லை. நாடு வெளியீட்டு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு வட்டத்தின் நோட்டு அவ்வட்டத்துக்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். நம் தமிழகத்துத் திருச்சிராப்பள்ளியே ஒருகாலத்தில் ஒரு துணை வட்டத்தின் தலைநகராய் இருந்தது என்பதை இன்று அறிந்தோர் சிலரே. இரங்கூனும் பின்னர் ஒரு தனி வட்டமாயிற்று. 1903ஆம் ஆண்டில் 5 ரூபாய் நோட்டு எல்லா வட்டங்களிலும் செல்லும் என்று அறிவித்தபோதும் பர்மாவை மட்டும் விலக்கியே வைத்தனர். 1909இல் தான் அவ்விலக்கு நீங்கியது. அடுத்த ஆண்டு 10, 50 ரூபாய் நோட்டுகளும், 1911இல் 100 ரூபாய் நோட்டும் பொதுவாயின.

இதன் பொருளை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. இரங்கூன் அரிசி ஆலையிலோ துறைமுகத்திலோ உழைத்துக் கூலி சேர்த்த ஒருவர் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறார் என்று கொள்வோம். அவர் மடியில் உள்ள இரங்கூன் நோட்டைச் சென்னைக் கடைக்காரர் வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நாணயம் மாற்றுவோர் வட்டம் பிடித்துக்கொண்டே வாங்குவர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது வியப்பே: அரசு வகுத்தது ஒரு வட்டம், அதனை முன்னிட்டு மாற்றுக்காரர் பிடித்தது மற்றொரு வட்டம். ஆகவே, பர்மாவுக்குப் போன எளியவர் பலரும் வெள்ளி ரூபாயையே விரும்பினர் என்றால் அதனை அறியாமை என்று இகழ்வது பொருந்தாது. எந்தத் தாள் எவ்விடத்தில் செல்லும் என்னும் கேள்வி அவர்களுக்கு ஏட்டுக் கேள்வி அன்று. அது அவர்தம் வயிற்றைத் தொட்ட கேள்வி.

ரிசர்வ் வங்கியின் கிளை 1935இல் இப்பொறுப்பை அரசிடமிருந்து ஏற்றது. அதன் அன்றாடப் பணி எவ்வாறு நடந்தது என்பதைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில், மாகாணத்தின் பொருள் வாழ்வு ஓராண்டில் எவ்வாறு மூச்சு வாங்கி மூச்சு விட்டது என்பது அதில் புலப்படும்.

பர்மாவின் செல்வம் நெல். ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுமார் 10 இலட்சம் ஏக்கரில் விளைந்த நெல், 1930களில் 80 இலட்சம் ஏக்கருக்கும் மேலாகப் பரவிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அந்நெல் ஐரோப்பாவுக்கும் சென்றது. நம் நாட்டுக்கும் பெருமளவில் வந்தது. கார்த்திகை, மார்கழியில் அறுவடை. தை பிறந்ததும் ஆலைக்காரர்கள் நெல் வாங்கத் தொடங்குவர். அப்போது கழிமுகத்து ஊர்கள்தோறும் ரொக்கம் வேண்டும். உழவர் காசோலை வாங்கார், தரகரும் வாங்கார். தை முதல் பங்குனி வரை இரங்கூனிலிருந்து பணம் வெள்ளம்போல் மாவட்டங்களுக்குப் பாயும். சித்திரை, வைகாசிக்குப் பின் கடன் அடைப்பு, வரி, துணி, எண்ணெய் என்று அதே பணம் மெல்ல மெல்ல இரங்கூனுக்குத் திரும்பும். மழைக் காலத்தில் இரங்கூனில் பணம் தேங்கிக் கிடக்கும்.

இவ்வளவு பணத்தையும் ஆண்டுதோறும் படகிலும் புகைவண்டியிலும் ஏற்றி இறக்குவது இயலாத செயல். ஆகவே மாவட்டக் கருவூலங்களிலும் இம்பீரியல் வங்கிக் கிளைகளிலும் நாணயப் பெட்டகங்கள் வைக்கப்பட்டிருந்தன. பெட்டகத்தில் உள்ள நோட்டு, அச்சிடப்பட்டிருந்தும், புழக்கத்தில் உள்ளதாகக் கணக்கில் சேராது. அது வெளியீட்டுத் துறையின் கையிருப்பே. பஸ்ஸீனில் உள்ள பெட்டகத்தைத் திறந்து ஓர் இலட்சம் எடுத்து, அதே நாளில் இரங்கூனில் ஓர் இலட்சத்தை உள்ளே வைத்துவிட்டால், ஒரு தாளும் ஆற்றைக் கடவாமலே பணம் இடம் பெயர்ந்துவிடும். தந்தி ஒன்றும் இரு கணக்குப் பதிவுகளுமே போதும். கோப்புகளோடும் பதிவேடுகளோடும் வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்ற எழுத்தர்களுக்கு இவ்வேற்பாட்டின் அழகு சட்டென விளங்கும். ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு வரி, காவலோடு செல்லவேண்டிய ஒரு வண்டியை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது. கிளையின் இப்பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றன்று. அரசின் வரவு செலவு, கடன் பத்திரங்கள், பெரிய வங்கிகளுக்கிடையே தீர்வு ஆகியவற்றையும் அது செவ்வனே நடத்தியது.

ஆனால் கிளையிலிருந்து புறப்பட்ட பணம் உழவர் கைக்குச் சேருவதற்கு இடையே மற்றோர் அமைப்பு இருந்தது. அதன் நடுவிடம் இரங்கூனில் மொகல் தெரு.

நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மௌல்மேனிலும் இரங்கூனிலும் கடை திறந்தனர். 1930ஆம் ஆண்டளவில் அவர்தம் கடைகள் பர்மா முழுவதும் ஏறத்தாழ 1,650. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929-30இல் அவர்கள் முதலீட்டை மதிப்பிட்டபோது அது சுமார் 75 கோடி ரூபாய் எனக் கண்டது. முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன எண்ணை இப்போது எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் மொத்த மூலதனமே 5 கோடி. இரங்கூன் வட்டாரத்தின் பங்கு 30 இலட்சம். மூலதனமும் கடன் கொடுக்கும் முதலும் ஒரே தன்மையன அல்ல என்பதை நாம் அறிவோம். ஆயினும் அம்மாகாணத்தில் எது பெரிய வங்கி என்று ஓர் உழவரைக் கேட்டிருந்தால் அவர் எத்திசையில் கைகாட்டியிருப்பார் என்பதில் ஐயமில்லை.

அந்த 75 கோடியில் பெரும்பகுதி சொந்தப் பணம், உறவினர் பணம், ஆச்சிமார் சீதனம், கோயில்களின் மகமைப் பணம். குறைந்த பகுதியே வங்கிகளிடம் பெற்றது. செட்டிநாட்டு ஊரில் முதலாளி இருப்பார். பர்மாவில் ஏஜெண்டு மூன்றாண்டுக் கணக்கு முடியும் வரை கடையை நடத்தி ஊர் திரும்புவார். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் கடையிலேயே உண்டு உறங்கித் தொழில் பயில்வர். பெரிய கடைகள் 'அடத்தி' என்னும் பெயரோடு சிறிய கடைகளுக்குத் தாமே வங்கியாக இருந்தன. கடைகளுக்குள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் பணத்துக்கு 'நடப்பு வட்டி' என்று பெயர். அவ்வட்டியை யாரும் தலைநகரிலிருந்து தந்தியில் அறிவிப்பதில்லை. திங்கள்தோறும் மொகல் தெருவில் உள்ள செட்டியார் கோயிலில் நகரத்தார் கூடி, ஊரில் பணம் தட்டுப்பாடா தாராளமா என்பதைப் பேசி முடிவு செய்வர். தமிழ் மாதக் கணக்கிலேயே அக்கூட்டம் நடக்கும். முருகன் சந்நிதியில் முடிவான அவ்விகிதம் மாகாணம் முழுவதும் உள்ள கடைகளுக்குக் கட்டளை. மீறுவோர் மீது வழக்கு இல்லை; ஆயின் அடுத்த நாள் அவருக்குக் கைமாற்று கிடைக்காது.

ஆக, ஒரே நகரில் பணத்தின் விலையைக் குறிப்போர் இருவர் இருந்தனர். ஒருவர் கடல் கடந்த தலைமையகத்தின் ஆணையைச் சுவரில் ஒட்டியவர்; மற்றவர் கோயில் மண்டபத்தில் சம்மணமிட்டு அமர்ந்தவர். வங்கி விகிதம் 1935 நவம்பரில் 100க்கு 3 ஆகக் குறைக்கப்பட்டு, 1951 வரை அப்படியே நின்றது. அதே 1930களில் கழிமுகத்து உழவர் தம் நிலத்தையே ஈடாக வைத்து வாங்கிய கடனுக்கும் 100க்கு 15, 18 என்று கட்டிக்கொண்டிருந்தார். மூன்றுக்கும் பதினைந்துக்கும் இடையே இருந்த வழியில் இம்பீரியல் வங்கி, கூட்டுப் பங்கு வங்கி, அடத்திக் கடை, சிறு கடை என்று படிகள் பல. இடர்ப்பாடும் தண்டல் செலவும் ஒவ்வொரு படியிலும் உண்டு என்பது உண்மையே. நகரத்தாருக்குக் கீழே மேலும் கொடிய வட்டி வாங்கிய உள்ளூர்க் கடன்காரரும் இருந்தனர் என்பதும் உண்மையே. ஆயினும் கிளையில் நிர்ணயித்த மலிவு கழிமுகத்தை எட்டவில்லை என்பதை யாரும் மறுக்க இயலாது.

இந்த இடைவெளியின் விலை எவ்வளவு என்பதை உலகப் பெருமந்தம் காட்டியது. 1930இன் இறுதியிலிருந்து நெல் விலை சரிந்து ஏறத்தாழப் பாதியாயிற்று. கடன் பழைய விலையில் வாங்கியது. நெல் புதிய விலையில் விற்பது. உழவரால் வட்டியே கட்ட முடியவில்லை. நகரத்தாருக்கோ ஊரில் பணம் வைத்தவர்கள் திருப்பிக் கேட்டனர். நிலம் தவிர அவர் கைக்கு வர வேறொன்றும் இல்லை. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் சுமார் 5 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர். அதாவது 100க்கு 6. 1938இல் அது 24 இலட்சத்து 68 ஆயிரம் ஏக்கராயிற்று, 100க்கு 25. எட்டே ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிலம் கைமாறியது.

நகரத்தார் நிலத்துக்கு ஆசைப்பட்டே பர்மா போனார் என்று அக்காலத்துப் பர்மியத் தலைவர்கள் முழங்கினர். இது நேர்மையான கூற்றன்று. பணத்தைப் பணமாகவே சுழற்றுபவருக்கு அறுவடையும் குத்தகையும் ஏரும் எருதும் சுமையே. நிலமாக முடங்கிய முதல், அவர் கணக்கில் செத்த முதல். ஆயினும் நிலம் இழந்த பர்மிய உழவரின் கண்ணால் பார்ப்போமாயின், தம் தந்தை காடு வெட்டித் திருத்திய வயல் வேற்று நாட்டார் பேரேட்டில் ஏறிவிட்டது. இவ்வளவே அவர்க்குத் தெரியும். நம்மவர் என்பதற்காக நாம் அந்தப் பார்வையை மறைத்தல் ஆகாது. 1930 டிசம்பரில் எழுந்த சாயா சான் கிளர்ச்சியும், 1938இல் இந்தியருக்கு எதிராக மூண்ட கலவரமும் இந்த மண்ணில் விளைந்தவையே.

இவ்வேளையில் மத்திய வங்கி செய்யக்கூடியது என்ன? இக்கேள்வி சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. ரிசர்வ் வங்கிச் சட்டம், வேளாண் கடனுக்கென ஒரு துறையை அமைக்கச் சொல்லியது. நாட்டு வங்கியாளரை வங்கியோடு இணைப்பது பற்றி மூன்றாண்டுக்குள் யோசனை தரவும் பணித்தது. 1937 ஆகஸ்டில் வங்கி ஒரு திட்டத்தைச் சுற்றுக்கு அனுப்பியது. குறைந்தது 2 இலட்சம் ரூபாய் சொந்த முதல் உடைய நாட்டு வங்கியாளர், அதனை ஐந்தாண்டில் 5 இலட்சமாக உயர்த்தினால், பட்டியல் வங்கிகளைப் போலச் சலுகை பெறலாம் என்றது. ஆனால் அவர் வங்கித் தொழில் அல்லாத பிறவற்றைக் கைவிட வேண்டும். கணக்கை முறைப்படி எழுதித் தணிக்கை செய்விக்க வேண்டும்.

நாட்டு வங்கியாளர் இதனை ஏற்கவில்லை. காரணம் கண்கூடு. தலைமுறை தலைமுறையாக வாணிகமும் வட்டித் தொழிலும் ஒரே பேரேட்டில் வாழ்ந்தன. ஒன்றை வெட்டினால் மற்றொன்று குருதி இழக்கும். எவர் பணம் எவ்வளவு தம்மிடம் உள்ளது என்பதை வெளியாருக்குக் காட்டினால், நம்பி வைத்தவரின் நம்பிக்கை என்னாகும்? மேலும், நகரத்தார் கணக்கு முறை தவறில்லாதது. குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று அது ஒழுங்கு பிறழாமல் நடந்தது. அதை வேறொரு முறைப்படி மாற்றி எழுது என்பதே பலர்க்குப் புண்ணாக இருந்திருக்கும்.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நமக்கு அது ஒப்பவில்லை. மத்திய வங்கி பிறரது வைப்புப் பணத்துக்குக் காவல். கணக்கைக் காட்டாதவர்க்குக் கைகொடுக்க அதனால் இயலாது என்பதை ஏற்போம். ஆனால் நிலைமை 1937இன் நிலைமை. கழிமுகத்தில் நிலம் நாள்தோறும் கைமாறிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த கிளை, எதிர்த் தெருவில் கூடும் நடப்பு வட்டிக் கூட்டத்தை அறியாததன்று. பம்பாய் முதல் பர்மா வரை எல்லா நாட்டு வங்கியாளருக்கும் ஒரே சட்டை தைத்துக்கொண்டு, அணிய மறுத்தவர்மேல் பழியை இட்டது தலைமையகத்தின் குறை. வட்டாரத்தின் அளவெடுத்துச் சொல்லுதற்கு வட்டாரக் கிளையைவிடத் தகுந்தவர் யார்? நம்மவரோ, ஐந்தாண்டுத் தவணையில் மெல்ல மாறும் வாய்ப்பை முயன்றும் பார்க்காது விட்டனர். விடுதலைக்குப் பின் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு 1954இல் அறிக்கை தந்தபோது, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 100க்கு 3.1, வணிக வங்கிகளின் பங்கு 0.9 என்றே கண்டது. ஆக, இரங்கூனில் கண்ட இடைவெளி இரங்கூனுக்கு மட்டும் உரியதன்று. அங்கே அதற்குக் கொடுத்த விலைதான் மிகப் பெரிது.

இதற்கிடையே கிளையின் நிலையே மாறியது. 1937 ஏப்ரல் 1ஆம் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. நாடு பிரிந்தும் வங்கி பிரியவில்லை. தனி ஆணை ஒன்றின் வழியே ரிசர்வ் வங்கி பர்மாவுக்கும் மத்திய வங்கியாய் நீடித்தது. இரங்கூன் கிளை ஒரு மாகாணத்தின் கிளையாயிருந்து, வேறொரு நாட்டின் மத்திய வங்கி அலுவலகமாய் உயர்ந்தது. ஆனால் தாள் பிரிந்தது. இந்திய அரசின் நோட்டுகளின்மேல் 'பர்மாவில் மட்டும் சட்டப்படி செல்லும்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டனர். 1938 முதல் ஆறாம் ஜார்ஜின் தலையும் மயிலும் பொறித்த தனி நோட்டுகள், 5 ரூபாய் முதல் 10,000 ரூபாய் வரை, ரிசர்வ் வங்கியின் பெயரிலேயே பர்மாவுக்கென வந்தன. ஆளுநர் ஜேம்ஸ் டெய்லரின் கையொப்பம் அவற்றில் இருந்தது. 1909இல் நீங்கிய வட்டம் 1937இல் மீண்டும் வரையப்பட்டது எனலாம்.

அத்தாள்களுக்கு வந்த சோதனை நெடுநாள் கழித்து வரவில்லை. 1941 டிசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மேல் முதற்குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8இல் ஜப்பானியர் நகருள் புகுந்தனர். மே மாதத் தொடக்கத்தில் மாந்தலேயும் வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் கப்பலிலும், பெரும்பாலோர் கால்நடையாகவும் தாயகம் நோக்கி ஓடினர். அராக்கன் மலைவழியிலும் மணிப்பூர் வழியிலும் மாண்டவர் பல்லாயிரவர். அவ்வழிகளில் நடந்தோரின் மூட்டைகளில் அடைமானப் பத்திரங்களும் பேரேடுகளும் இருந்தன. மயில் நோட்டுகளும் இருந்தன. பத்திரம் குறித்த வயல் பின்னே விலகிக்கொண்டே போயிற்று. பர்மாவில் ரிசர்வ் வங்கியின் பணி அவ்வாண்டில் நின்றுபோயிற்று.

ஜப்பானியர் தாமே ரூபாய் என்னும் பெயரில் தாள் அச்சிட்டு நாட்டை நிரப்பினர். 1944 ஏப்ரலில் நேதாஜியின் ஆசாத் இந்த் வங்கி அதே இரங்கூனில் திறக்கப்பட்டது. அங்கே தங்கிவிட்ட தமிழர் தம் நகையையும் பணத்தையும் அதில் கொண்டு குவித்தனர். 1945 மே மாதத்தில் ஆங்கிலப் படை திரும்பியபோது ஜப்பானியத் தாள்கள் செல்லாவாயின. ஓர் உழவர் மூன்றாண்டு நெல் விற்றுச் சேர்த்தது ஒரே அறிவிப்பில் அடுப்பெரிக்கும் காகிதமாயிற்று. ரிசர்வ் வங்கியின் நோட்டின்மேல் இராணுவ நிர்வாகத்தின் பெயரை அச்சிட்டு வழங்கினர். வங்கி மீண்டும் பர்மாவின் மத்திய வங்கியாய்ச் சிறிது காலம் இருந்து, 1947 ஏப்ரலில் அப்பொறுப்பினின்று விலகியது. அடுத்த ஆண்டு நடுவில் பாகிஸ்தானுக்கும் அவ்வாறே பொறுப்பைக் கைமாற்றியது. பர்மாவில் இலண்டனிலிருந்து இயங்கிய நாணயக் குழு நோட்டுப் பொறுப்பை ஏற்றது. 1952இல் அது பர்மா யூனியன் வங்கியிடம் சேர்ந்தது. ரூபாய் போய் கியாட் வந்தது.

நகரத்தார் நிலங்களுக்கு 1948இலும் 1953இலும் இயற்றப்பட்ட நில நாட்டுடைமைச் சட்டங்கள் முடிவுரை எழுதின. 1963 பிப்ரவரியில் பர்மாவில் இருந்த வங்கிகள் அனைத்தும் அரசுடைமையாயின. அடுத்த ஆண்டு மே 17ஆம் நாள் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லா என்று அறிவித்தனர். அதற்குப்பின் கப்பலேறி வந்தோரை நம்மில் பலர் நேரில் அறிவோம். சென்னைத் துறைமுகத்தின் எதிரே பர்மா பஜாரில் கடை விரித்தோரும் அவர்களுள் அடங்குவர். அவர்தம் தந்தையரின் தந்தையர் 1909க்கு முன்னர் அதே துறைமுகத்தில் இறங்கியபோது நோட்டுக்கு வட்டம் பிடித்தனர். இவர்களுக்கு வட்டம் பிடிக்கவும் நோட்டு இல்லை.

ரிசர்வ் வங்கிக்கென இரங்கூனில் சூலே பகோடா சாலையில் எழுப்பிய மாளிகை இன்றும் நிற்கிறது. பர்மா யூனியன் வங்கி அதில் இருந்தது. பின்னர் வேறொரு வங்கி வந்தது. 2015 டிசம்பரில் அங்கே யாங்கோன் பங்குச் சந்தை திறக்கப்பட்டது. மொகல் தெரு இப்போது ஷ்வே பொன் தா தெரு என வழங்குகிறது.